எழுபத்தெட்டு எங்கிருந்து வந்தது?

வீரமுனையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் ஜோர்ஜ் கார் என்றொரு ரியூசன் வாத்தியார் இருந்தார். பெரிய கணித மேதை அல்லர். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது அவர் தொழில். வகுப்புக்காக வருடக் கணக்கில் எழுதிய குறிப்புகளை ஒன்றுசேர்த்து, ஆயிரக்கணக்கான தேற்றங்களையும் சூத்திரங்களையும் இலக்கமிட்டு அடுக்கி, 1880களில் இரண்டு பாகங்களாக அச்சிட்டார். நிறுவல் பெரும்பாலும் கிடையாது. இருந்தாலும் ஒரு வரிக் குறிப்போடு சரி. கல்முனைப் பேச்சில் சொன்னால் அது ஒரு தடித்த ரியூட். 1903இல் அதன் பிரதியொன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் கையில் அகப்பட்டது. கார் எழுதாமல் விட்ட நிறுவல்களையெல்லாம் அந்தப் பையன் தானே போட்டுப் பார்க்கத் தொடங்கினான். ஸ்ரீநிவாச ராமானுஜனின் கணிதம் அங்கிருந்துதான் கிளம்பியது.

அதே ராமானுஜன் பரீட்சையில் தோற்றவர். கணிதத்தைத் தவிர வேறு எதையும் படிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேறவில்லை. வேலை கிடைக்கும்வரை அவரும் சில மாணவருக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார்.

ரியூசன் ஒரு நோய், ஒழிக்க வேண்டும் என்று தொடங்கும் உரைகள் இந்த நாட்டில் போதிய அளவு நிகழ்ந்துவிட்டன. பேசி முடித்த கையோடு தன் பிள்ளையை வகுப்புக்கு ஏற்றிச் செல்லும் பேச்சாளர்களும் உண்டு. ஒரு ரியூசன் வாத்தியாரின் குறிப்புக் கட்டு ராமானுஜனுக்கு வழி காட்டியிருக்கிறது. ஒரு பரீட்சை முறை அதே ராமானுஜனைத் தள்ளிவிட்டிருக்கிறது. இந்த இரண்டில் எதைப் பற்றிக் கவலைப்படுவது என்பதில்தான் நம் பேச்சு அடிக்கடி திசைமாறிப் போகிறது.

கார் பிற்காலத்தில் பட்டம் பெற்ற கேம்பிரிட்ஜில் அந்நாளில் நடந்தது நம்மவருக்கு நன்றாகவே விளங்கும். பேராசிரியர்கள் விரிவுரை நடத்தினார்கள். மாணவர்கள் தனியாகக் காசு கொடுத்து வெளி வாத்தியாரிடம் போனார்கள். காரணம், கணிதப் பட்டப் பரீட்சையின் முடிவு முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று புள்ளி வரிசையில் வெளியானது. முதலாவது வருபவருக்கு ‘சீனியர் ராங்ளர்’ என்று பட்டம். பத்திரிகைகள் அவர் பெயரை எழுதும். வேலை தேடி வரும். 1854இல் முதலாவது வந்தவர் எட்வர்ட் ரூத். இரண்டாவது வந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். மக்ஸ்வெல் மின்காந்தச் சமன்பாடுகளுக்குப் போனார். ரூத் ரியூசனுக்குப் போனார். 30 ஆண்டுகளுக்கு மேல் நடந்த அவர் வகுப்பில் 600க்கும் கூடுதலானோர் படித்தார்கள்; அவர்களில் 25 பேருக்கு மேல் முதலிடம் பிடித்தார்கள். ஒரே தரத்து மாணவர்கள் பத்துப் பேருக்கு உட்பட்ட வகுப்பு, கிழமைக்கு ஒரு பேப்பர், திருத்திய கையோடு யார் எந்த இடம் என்ற பட்டியல். இன்று எந்த ஊரின் ‘பேப்பர் கிளாஸு’க்கும் இதைவிடப் புதிதாக ஒன்றும் தெரியாது.

அந்த வரிசைப் பட்டியல் கடைசியாக வெளியானது 1909இல். அதற்குப் பிறகு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவுகள் மட்டும். தனி வாத்தியார்களின் தொழில் அதோடு படுத்துவிட்டது. கல்லூரிகள் தங்கள் சொந்தக் கற்பித்தலைச் சீர்ப்படுத்தியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் வாத்தியார்களை யாரும் தடை செய்யவில்லை, அபராதம் போடவில்லை, சுற்றறிக்கை விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி நம் நாட்டுக் கதை. அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி இலங்கையில் 1945இல் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. வீரமுனையும் கல்முனையும் உள்ள இந்த அம்பாறைக் கரையோரத்துக்கு அந்த மாற்றத்தின் முன்னோட்டம் சற்று முன்பே வந்துவிட்டது. யுத்தகாலத்து உணவு உற்பத்திக்காக 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்ட ஏ. எம். ஏ. அஸீஸ், நெல்லைப் பார்க்க வந்த இடத்தில் பிள்ளைகளைப் பார்த்தார். அதே ஆண்டு கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றைத் தொடக்கிவைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். வசதியற்ற பிள்ளை படிக்க ஊர்ப்பணம் ஒரு நிதியாகத் திரள வேண்டும் என்ற யோசனை இந்தப் பகுதிக்குப் புதியதல்ல. இன்றைய கூட்டத்துக்குக் காரணமான அறக்கட்டளையும் அந்த வழியில் வந்ததுதான்.

காரைதீவும் இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே 1892இல் பிறந்த மயில்வாகனம், விபுலாநந்த அடிகளாக அறியப்படுமுன் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். 1947இல் வெளியான அவருடைய ‘யாழ் நூல்’ பாதி இசை, பாதி கணக்கு. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதங்களைப் பின்னங்களாகப் போட்டுப் பெருக்கியும் வகுத்தும் பழைய பண்களை மீட்கப் பார்த்த நூல் அது. பின்னங்களை நன்றாகப் படித்துக்கொண்ட ஒருவர் அவற்றை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு நம் மண்ணில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பின்னங்களுக்கு இவ்வுரை மறுபடியும் வரும்.

இலவசக் கல்வியால் கட்டணம் போனது, போட்டி போகவில்லை. பல்கலைக்கழக இடங்கள் சில, கேட்பவர்கள் பலர். 1971 சேர்க்கையில் பொறியியலுக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளியும் வெட்டுப்புள்ளியாக வைக்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். தரப்படுத்தல் என்ற பெயரில் தொடங்கிய அது 1974இல் மாவட்ட ஒதுக்கீடாக மாறியது. யாழ்ப்பாணத்துக்கு அடியாக விழுந்த அதே ஒதுக்கீடு மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் மன்னாருக்கும் கதவைத் திறந்தது. இரண்டும் உண்மை, ஒன்றை மட்டும் சொல்பவரிடம் மற்றதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இப்போது மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரிகிறது. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறையும் அவற்றில் ஒன்று.

இதன் விளைவு விசித்திரமானது. வீரமுனைப் பிள்ளை போட்டியிடுவது கொழும்புப் பிள்ளையோடு அல்ல. சம்மாந்துறை, காரைதீவு, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், உள்ளே அம்பாறை நகரம், உகன என்று ஒரே மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான் பிரதானமான போட்டி. அவர்களில் பலர் அதே ரியூட்டறியில், சில சமயம் அதே வாங்கில் இருக்கிறார்கள். பாடசாலைகள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்து கிடக்க, நோன்பு மாதத்தில் ஒன்றுக்கு விடுமுறையும் மற்றதற்குப் படிப்புமாக நாட்காட்டியே வேறாகிப் போக, ஏ.எல். மட்ஸ் வகுப்பில்தான் ஊரும் ஊரும் கலக்கின்றன. மஃரிபுக்கு முன் முடிக்க வேண்டும், வெள்ளியில் ஜும்ஆவுக்கு இடம் விட வேண்டும், கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் விட வேண்டும் என்று நேரசூசி போடும் ரியூட்டறிக்காரர், நல்லிணக்கம் என்ற பேச்சே எடுக்காமல் அதை நடத்திக்கொண்டிருக்கிறார். ரியூசனைத் திட்டுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி இஸட் புள்ளி. 2001 முதல் பல்கலைக்கழகச் சேர்க்கை இதன்படி நடக்கிறது. ஒரு பாடத்தில் மாணவர் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் அப்படிச் செய்து சராசரி எடுத்தால் இறுதிப் புள்ளி. கணித ரீதியில் நேர்மையான முறை: இலகுவான பாடத்தில் 80 எடுப்பதும் கடினமான பாடத்தில் 80 எடுப்பதும் ஒன்றல்ல என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் ரியூசனைப் பொறுத்தவரை அது செய்யும் வேலையை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். இணைந்த கணிதத்தில் நாடளாவிய சராசரி 35, நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். 75 எடுத்த பிள்ளையின் இஸட் புள்ளி 2. அடுத்த ஆண்டு நாடு முழுக்க வகுப்புகள் பெருகிச் சராசரி 45க்கு ஏறிவிட்டது, விலகல் மாறவில்லை. அதே 75க்கு இப்போது ஒன்றரைதான். பிள்ளை ஒன்றும் மறக்கவில்லை, ஒன்றும் பிழைவிடவில்லை. மற்றவர்கள் வகுப்புக்குப் போனார்கள், அவ்வளவுதான். தகப்பன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: இரண்டாவது வகுப்புக்கும் அனுப்புவது. மற்றத் தகப்பன்மாரும் அதையே செய்வார்கள்.

அதனால்தான் பெற்றோரின் பேராசை, ஆசிரியரின் பணத்தாசை என்ற விளக்கங்கள் போதாமல் போகின்றன. 1995/96இல் பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுதான் ரியூசனுக்குச் செலவிட்டது. 2006/07இல் மூன்றில் இரண்டு வீடுகள் செலவிட்டன என்று அரசாங்கத்தின் வீட்டு வருமான செலவின அளவீடுகளை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பத்துப் பதினோரு வருடத்தில் ஒரு நாட்டுப் பெற்றோரின் குணம் அப்படித் தலைகீழாக மாறிவிடாது.

இஸட் புள்ளியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2011 ஓகஸ்ட் ஏ.எல். பரீட்சையில் புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை தோற்றியவர்களும் பழைய பாடத்திட்டத்தில் மறுபடி தோற்றியவர்களும் இருந்தார்கள். இரண்டு வெவ்வேறு வினாத்தாள். இரண்டு வெவ்வேறு கூட்டம். இரண்டையும் ஒரே கூட்டமாகக் கலந்து இஸட் புள்ளி கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2012 ஜூனில் அந்தப் புள்ளிகளை ரத்துச் செய்து, இரு தொகுதிக்கும் தனித்தனியாகக் கணிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓ.எல். வகுப்பில் சராசரி படித்த பிள்ளைக்கும் அந்த வழக்கின் சாரம் விளங்கும். ஆனால் அந்த வருடம் எந்த வகுப்பிலாவது அது ஒரு பாடமாக எடுக்கப்பட்டதா என்பது சந்தேகம். பாடத்திட்டத்தில் ‘புள்ளிவிபரவியல்’ வேறு, தன் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் புள்ளிவிபரம் வேறு என்று பிள்ளைகள் நினைக்கப் பழகிவிட்டார்கள்.

வகுப்புக்குள்ளே என்ன விற்கப்படுகிறது? இணைந்த கணிதத்தில் இரண்டு பேப்பர்; ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். ‘ஏ’ பகுதியில் 10 வினாவும் கட்டாயம், வினாவுக்கு 25 புள்ளி. ‘பி’ பகுதியில் ஏழில் ஐந்து, வினாவுக்கு 150. மொத்தம் 1000. வினாவின் இலக்கத்தைச் சொன்னாலே அத்தியாயம் தெரியும் அளவுக்கு அமைப்பு உறைந்துவிட்டது. முதல் பேப்பரில் 13 என்றால் தாயமும் சிக்கலெண்ணும், 15 என்றால் தொகையீடு, 17 என்றால் திரிகோணகணிதம். இரண்டாம் பேப்பரில் 11இல் வேக–நேர வரைபும் சார்புவேகமும், 17இல் நிகழ்தகவு. பிள்ளைகள் அத்தியாயத்தின் பெயரைச் சொல்வதில்லை. “பதினேழை விட்டுட்டு பதினைஞ்சைப் புடி” என்பதுதான் பேச்சு. எந்த ஐந்தைப் பிடிப்பது, எதை விடுவது, எந்த வினாவில் எத்தனை நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது, படிமுறையில் எந்த வரி எழுதாவிட்டால் புள்ளி போகும்: நல்ல வகுப்பில் விற்கப்படுவது இந்த அறிவு. பள்ளிக்கூடத்தில் தியரி முடிவதற்கே தவணை போதாது. மட்ஸ் சேருக்கு இடமாற்றம் வந்தால் பதில் ஆள் வரும்வரை பாடவேளை வெறுமையாகக் கிடக்கும். ரியூட்டறியில் கடந்தகால வினாத்தாள்களை ஆண்டு வாரியாகப் போட்டு முடித்துவிடுவார்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளைக்கு இது வீண் செலவு என்று யாரும் சொல்ல முடியாது. தகரக் கூரையின் கீழ், மின்விசிறி போதாத வெக்கையில், ஒரு மனிதன் மூன்று மணித்தியாலம் நின்று எறியத்தையும் உராய்வையும் சளைக்காமல் விளங்கப்படுத்துவதைப் பார்த்தவர்கள் அவரை வியாபாரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள்.

எதிர்வுகூறல் விற்கும் வகுப்புகள் வேறு ரகம். ‘இந்த முறை இது வரும்’ என்ற சந்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 செப்டம்பரில் பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சையில் பார்த்தோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியே போனதாக எழுந்த சர்ச்சை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பரீட்சைக்குச் சில நாள் முன்பிருந்து வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றுக்கும் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வோர் ஆண்டும் தடை போடுகிறது. நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தடை தொடங்குகிறது என்றால் பதினொன்றேமுக்கால் வரை செமினார் நடக்கிறது.

ஓ.எல். கணிதத்துக்கு வருவோம். இது எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயப் பாடம். அண்மைய ஆண்டுகளில் தோற்றுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இதில் தோற்கிறார். சான்றிதழில் மற்ற எட்டுப் பாடமும் இருந்து கணிதம் இல்லையென்றால் எத்தனையோ தொழிற் பயிற்சிகளின் வாசலிலேயே விண்ணப்பம் திரும்பி வரும். ஆகவே பதினோராம் தரம் வந்ததும் வீடே பதறுகிறது. பதற்றத்தில் வாங்கப்படும் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கை நிதானமாகப் பார்க்கலாம்.

ஒருவர் 12,000 ரூபா கடன் வாங்குகிறார். ஆண்டு வட்டி 24 சதவீதம், குறைந்துசெல்லும் மீதிக்கு. 12 சம மாதத் தவணையில் கட்ட வேண்டும். தவணை எவ்வளவு? வகுப்பில் இதற்கு ஒரு தயார் வழி உண்டு. மாத முதல் 1000. அதற்கு ஒரு மாத வட்டி 2 சதவீதம், 20 ரூபா. மாத அலகு 78. வட்டி 78 தர 20, 1560. மொத்தம் 13,560, பன்னிரண்டால் வகுத்தால் 1130. விடை சரி, புள்ளி முழுவதும் வரும். ‘பன்னிரண்டு தவணை என்றால் 78’ என்று கொப்பியின் மூலையில் பெட்டி போட்டு எழுதியிருக்கும். 10 தவணைக்கு 55, 24 தவணைக்கு 300 என்று அதன் கீழே தொடரும்.

அந்த எழுபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல பிள்ளைகள் சூத்திரத்தைச் சொல்வார்கள். ஏன் அந்தச் சூத்திரம் என்றால் பேச்சு நின்றுவிடும். விளக்கம் ஐந்து நிமிட வேலை. முதல் மாதம் கையில் இருப்பது பன்னிரண்டு ஆயிரம், அதற்கு வட்டி. ஓராயிரம் கட்டியாயிற்று, அடுத்த மாதம் பதினோராயிரத்துக்குத்தான் வட்டி. பிறகு பத்து, ஒன்பது, எட்டு. கடைசி மாதம் ஓராயிரம். பன்னிரண்டும் பதினொன்றும் பத்தும் என்று ஒன்று வரை கூட்டினால் 78. அவ்வளவுதான். இது விளங்கிய பிள்ளை இன்னொன்றையும் கேட்கும்: வீட்டுக்கு வந்து கடன் தரும் கம்பனி 24 வீதம் என்று சொல்லி, முழு 12,000க்கும் வருடம் முழுக்க வட்டி போட்டு 2880 ஐச் சேர்த்துத் தவணை 1240 என்று எழுதினால், அது எந்த 24? 2880 ஐ 78 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 37 வரும். ஆயிரத்துக்கு மாதம் 37. ஆண்டுக்கு 44 வீதத்துக்கு மேல். மாதம் 110 ரூபா கூடப் போகிறது.

குழுக்கடன் வாங்கிப் பிள்ளையின் வகுப்புக் காசு கட்டும் தாய்மார் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அந்தக் காசில் படிக்கும் பிள்ளையின் கொப்பியில் 78 இருக்கிறது; உம்மா கையெழுத்து வைக்கும் படிவத்தை அந்தப் பிள்ளை எடுத்துப் பார்ப்பதில்லை.

ரியூட்டறியை இதற்குக் குற்றம் சொல்வது எளிது, ஆனால் பிழை. பதினோராம் தரத்தில் 150 பேருக்கு முன் நிற்பவருக்கு ஐந்து நிமிடம் மிச்சமில்லை என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம், அந்த ஐந்து நிமிட விளக்கத்தை வாங்கிக்கொள்ளும் அடித்தளம் வகுப்பில் பாதிப்பேருக்கு இல்லை. இருபடிச் சமன்பாட்டில் தோற்கும் பிள்ளை உண்மையில் இருபடிச் சமன்பாட்டில் தோற்பதில்லை. காரணிப்படுத்தும் முறை மனப்பாடம். ஆனால் இடையில் ஒரு பின்னம் வரும், ஒரு சயக் குறி புரளும், விழுவது அங்கே. பின்னமும் திசைகொண்ட எண்ணும் அட்சரகணிதக் கோவையும் ஆறு, ஏழு, எட்டாம் தரத்துச் சமாச்சாரங்கள். கணிதத்தில் அந்த வருடங்களைத் தாண்டிக் குதிக்க முடியாது. வரலாற்றில் ஒரு பாடம் தவறினால் அந்தப் பாடம் மட்டும் தவறும். இதில் அப்படியில்லை.

இந்தக் கரையோரத்தில் வருடங்கள் தவறியது கொஞ்சமல்ல. 1990 ஓகஸ்டில் வீரமுனை கண்ட படுகொலையை வீரமுனையில் நின்று விவரிக்கத் தேவையில்லை. அகதி முகாமில் கழிந்த வருடங்களில் பின்னத்தையும் சயக் கணியத்தையும் யாரும் வரிசைப்படி படிப்பிக்கவில்லை. அன்றைய பிள்ளைகள் இன்று பெற்றோர். வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியாமல் வகுப்புக்கு அனுப்புபவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனையிலிருந்து காரைதீவு வரை கரையோரத்தைத் துடைத்தெறிந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடின. போன் இருந்த வீட்டுப் பிள்ளை சூமில் படித்தது, சிக்னல் இல்லாத வீட்டுப் பிள்ளை படிக்கவில்லை. அந்த வருடம் ஆறாம் தரத்தில் இருந்த பிள்ளை 2025இல் பதினோராம் தரம். 2024 நவம்பர் வெள்ளத்தில் ஏ.எல். பரீட்சையையே இடையில் நிறுத்தி ஒத்திவைத்தார்கள். மாவடிப்பள்ளியில் தண்ணீர் பாய்ந்தால் சம்மாந்துறை–காரைதீவு வீதியில் வகுப்புக்கு மட்டுமல்ல, எதற்கும் போக முடியாது.

இவ்வளவு இடைவெளியும் விழுந்தது நடு வகுப்புகளில். வீடுகள் காசைக் கொட்டுவதோ ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசிலுக்கு, பிறகு பதினோராம் தரத்தில், அதன்பின் ஏ.எல்.இல். புலமைப்பரிசில் முடிந்த மறுநாள் பிள்ளைக்கு ஓய்வு என்று வகுப்பை நிறுத்தும் வீடு, பத்தாம் தரத்தில்தான் மறுபடி விழிக்கிறது. வாய்க்கால் தலைப்பில் உடைத்துக்கொண்டு கிடக்க, வட்டையின் கடைசிக் கண்டத்தில் மெசின் வைத்துத் தண்ணீர் இறைக்கும் வேலை இது.

தடை போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். தென் கொரியாவில் சுன் டூ-ஹ்வானின் இராணுவ ஆட்சி 1980இல் தனியார் ரியூசனை அடியோடு தடை செய்தது. வகுப்புகள் மறைவாக நடந்தன; மறைவாக நடந்ததால் கட்டணம் ஏறியது; 2000 ஏப்ரலில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையை நீக்கியது. சீனா 2021 ஜூலையில் பாட வகுப்பு நடத்தும் கம்பனிகள் இலாபம் எடுக்கக்கூடாது, சனி ஞாயிறில் நடத்தக்கூடாது என்று உத்தரவிட, பெரிய கம்பனிகள் சரிந்தன; வசதியான வீடுகள் தனி ஆசிரியரை வீட்டுக்கே அழைத்தன. நம் நாட்டில் சில மாகாணங்கள், பாடசாலை ஆசிரியர் தன் சொந்த மாணவருக்குக் காசுக்கு வகுப்பு எடுக்கக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருக்கின்றன. அது மட்டும் நியாயமானது. காலையில் வகுப்பறையில் அரைகுறையாக நிறுத்திய பாடத்தைப் பின்னேரம் அதே வாயால் விற்கும் வேலைக்கு முட்டுக்கட்டை வேண்டும். மற்றபடி இடங்கள் சிலவாகவும் வரிசை ஒன்றாகவும் இருக்கும்வரை தடைகளால் பெரிதாக எதுவும் நடக்கப்போவதில்லை. வரிசையை அம்பாறை மாவட்டம் தனியாக ஒழித்துவிட முடியாது. கேம்பிரிட்ஜுக்கு அது ஒரு பட்டியல். இங்கே அது பல்கலைக்கழக வாசல்.

ஆனால் நடு வகுப்புக் கணிதத்தில் வரிசை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழாம் தரத்துப் பிள்ளை பின்னம் கூட்டப் படித்தால் பக்கத்து வாங்குப் பிள்ளையின் இடம் ஒன்றும் இறங்காது. ஓ.எல். சித்திக்கும் அப்படித்தான், ஒருவர் சித்தியடைவது மற்றவரைத் தோற்கடிப்பதில்லை. ஏ.எல்.இல் போடும் ரூபாவில் ஒரு பகுதி, ஒருவரையொருவர் முந்துவதில் கரைந்துபோகிறது. ஆறு முதல் எட்டு வரை போடும் ரூபா முழுசாகப் பிள்ளைக்குள் போகிறது. ஊர்ப்பணம், பள்ளிவாசல் பணம், கோயில் பணம், வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம், இந்த அறக்கட்டளைப் பணம் எல்லாம் ஏ.எல். செமினாருக்கும், ஒன்பது ‘ஏ’ எடுத்த பிள்ளைக்குப் பொன்னாடைக்கும் போய்க்கொண்டிருப்பதுதான் இவ்வுரையின் ஒரே முறைப்பாடு. பொன்னாடை வேண்டாம் என்பதல்ல. அந்தப் பிள்ளை எப்படியும் கரையேறும்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு ஆறு முதல் எட்டு வரையான பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு நடத்தலாம். ஏழாம் தரத்து வகுப்புக்கு ஏ.எல். சேர் வேண்டியதில்லை. சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. கணிதம் படிக்கும் மாணவர்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். வார இறுதிச் செலவுக்குக் காசு தேவைப்படுபவர்கள். இருபது பிள்ளைக்கு ஒருவர் போதும். தொடங்குமுன் ஒரு சிறிய பேப்பர் கொடுத்துப் பார்க்க வேண்டும். புள்ளி போடுவதற்கல்ல, பிழையைப் படிப்பதற்கு. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டுகிறது. பின்னம் ஓர் எண் என்பது அதற்கு இன்னும் தெரியாது. சய மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்துச் சக எட்டு என்பது வேறு நோய்: ‘சயமும் சயமும் சகம்’ என்ற பெருக்கல் விதி கூட்டலுக்குள் புகுந்துவிட்டது. அடைப்புக்குள் எக்ஸ் சய நான்கு, வெளியே இரண்டு. இரண்டு எக்ஸ் சய நான்கு என்று எழுதினால் பெருக்கல் அடைப்பின் முதல் உறுப்போடு நின்றுவிட்டது. தசம் மூன்றைத் தசம் இரண்டால் பெருக்கித் தசம் ஆறு என்றால் இடப்பெறுமானம் போய்விட்டது. நான்கு பிள்ளையும் வாங்கியது பூச்சியம். நான்குக்கும் வேண்டியது வெவ்வேறு பாடம். பெரிய வகுப்பில் இதைப் பார்க்க நேரமில்லை. இருபது பேர் வகுப்பில் ஒரு பின்னேரத்தில் பார்த்துவிடலாம்.

கட்டணம் வாங்குவதா இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு வரும். முழு இலவசம் என்றால் மூன்றாம் கிழமை வரவு பாதியாகிவிடுகிறது என்று வகுப்பு நடத்தியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. வரவு ஒழுங்காக இருந்தால் தவணை முடிவில் திருப்பிக் கொடுக்கும் சிறு தொகை ஒன்றை வாங்கி வைக்கலாம். சனிக்கிழமை காலை என்றால் இரு சமூகத்துப் பிள்ளைகளும் வரலாம். மாரியில் தண்ணீர் ஏறாத கட்டடமாக ஒன்று பார்க்க வேண்டும். எட்டாம் தரத்தின் கடைசித் தவணையில் எழுபத்தெட்டுக் கணக்கையும் ஒரு நாள் போட்டுப் பார்க்கலாம். அது பதினோராம் தரத்துப் பாடம்தான். ஆனால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டத் தெரிந்தால் அதற்குப் போதும். வீட்டில் கடன் படிவம் இருக்கும் பிள்ளைகள் அதன் பிரதியொன்றைக் கொண்டுவரட்டும்.